"சரிங்க மேடம்" என்ற பதிலுக்கு அப்பால்: சர்க்கரை நோயாளியோடு ஊக்க உரையாடல் நடத்தும் முறை

"சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க, மாத்திரையை விடாதீங்க." சர்க்கரை நோய் ஓ.பி.யில் காலை முழுவதும் ஒலிப்பது இதுதான். கேட்பவர் தலையை ஆட்டி, "சரிங்க மேடம்" என்று எழுந்துபோகிறார். அடுத்த மாதம் சீட்டில் சுகர் அதே 260. தெரியாததால் இப்படி நடப்பதில்லை. இரண்டாம் வகை நீரிழிவோடு ஐந்தாறு வருடம் வாழ்ந்தவருக்கு, சோறு சுகரை ஏற்றும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் அவர் நிற்கிறார். அங்கே நிற்பவரோடு எப்படிப் பேசுவது என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

ஆலோசனை மேசையில் புதிதாக அமரும் செவிலியர், உணவு ஆலோசகர், மாத்திரைப் பையோடு வீடு தேடிப் போகும் தன்னார்வலர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் நோயாளியின் திண்ணைவரை ஆளைக் கொண்டு சேர்த்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது என்பது தனித் திறமை. அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

முறை எங்கிருந்து வந்தது

மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று மருத்துவத் துறையில் சொல்வதை இங்கே ஊக்க உரையாடல் என்போம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல், குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு பேசும் வழியாக இதை முதலில் எழுதினார். ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991இல் நூலாக்கினார். பிறகு நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என எல்லாப் பக்கமும் பரவியது.

பெயரைப் பார்த்து மேடையில் முழங்கும் ஊக்கப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே ஊக்கத்தை நாம் ஊட்டுவதில்லை. மாற விரும்பும் மனசு பாதி, இப்படியே இருந்துவிடலாம் என்ற மனசு பாதி, இரண்டும் அவருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. "குறைங்க" என்று நாம் முதல் பாதிக்காக வாதாடினால், அவர் இரண்டாம் பாதிக்காக வாதாடத் தொடங்குவார்: "வேலைக்குப் போறவன் மேடம், சோறு இல்லாம எப்படி?" வாதாட வாதாட அந்தப் பாதியே அவருக்குள் உறுதிப்படும். மனிதர் அடுத்தவர் சொன்ன காரணத்தைவிடத் தன் வாயால் சொன்ன காரணத்துக்குத்தான் கட்டுப்படுவார். மாற்றத்துக்கான காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். மற்றதெல்லாம் அதற்கான உத்திகள்.

பலன் என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வுகளில் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி குறைந்திருக்கிறது; சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியின் தரமும் தொடர்ந்து சந்திப்பதும் முடிவை மாற்றுகின்றன. ஒரே ஒரு உரையாடலில் சுகர் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் மூன்றாவது வாரமே சோர்ந்துபோவார்கள்.

உட்காரும் முன்

சீட்டைப் படித்துவிட்டு அழையுங்கள். கடைசி வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த அளவு, ஹெச்பிஏ1சி, என்னென்ன மாத்திரை, இன்சுலின் உண்டா என்பது மனத்தில் இருக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

நாற்காலியை மேசைக்கு எதிரே போடாமல் மேசையின் பக்கவாட்டில் போடுங்கள். கூட வந்த மகனோ மருமகளோ பதில் சொல்லத் தொடங்கினால், "அம்மாகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு உங்களைக் கூப்பிடறேன் தம்பி" என்று பணிவாக வெளியே அமர வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பேசும்போது இது கடினம். அப்போது குடும்பத்தாரிடம் நேரடியாக வேறு ஒரு கேள்வி கேட்டு, பிறகு நோயாளியின் பக்கம் திரும்பலாம். மொத்தம் 15 நிமிடம் போதும். ஏழு நிமிடம்தான் கிடைக்கும் என்றாலும் செய்யலாம். எடுக்கும் விஷயத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நிமிடம்: எண்ணைத் தொடாதீர்கள்

சீட்டைப் பார்த்தவுடன் "260 இருக்கே!" என்று தொடங்கினால் அந்தச் சந்திப்பு அங்கேயே முடிந்தது. அவர் குற்றவாளி, நீங்கள் விசாரிப்பவர் என்றாகிவிடும். "இந்த சுகரோட நாள் எப்படிப் போகுதுங்க ஐயா?" என்று தொடங்கிப் பாருங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். புதியவர்களுக்கு இரண்டு வினாடி மௌனமே நீளமாகத் தெரியும். ஐந்து வினாடி பொறுத்தால், உண்மையான பேச்சு அப்போதுதான் வரும்.

தமிழில் 'ஏன்' என்ற சொல்லிடம் கவனமாக இருங்கள். "ஏன் மாத்திரை போடல?" என்பது நம் காதில் கேள்வியாக விழாது, கண்டிப்பாகத்தான் விழும். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய தொனி அது. "என்ன ஆச்சு", "எப்படி", "எந்த நேரத்துல" என்று மாற்றுங்கள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்ற கேள்விக்கு உலகில் ஒரே பதில்தான்: "போடுறேங்க." அதற்குப் பதிலாக, "தினமும் ஒரே மாதிரி நடக்காது. போன வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்றால், விட்டுப்போவது இயல்பு என்ற அனுமதி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "ரெண்டு நாளு... சாயங்கால மாத்திரை வயித்தைக் கலக்குது" என்று வரும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையால் வயிறு கலங்குவது சாதாரணம். சாப்பாட்டோடு எடுப்பது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று மருத்துவர் சரிசெய்யக்கூடியது. ஒரு வருடமாக 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதப்பட்டவரின் பிரச்சினை இவ்வளவுதானாக இருக்கலாம்.

எதைப் பற்றிப் பேசுவது: வட்டத் தாள்

ஒரு வெள்ளைத் தாளில் ஒன்பது வட்டங்கள் வரையுங்கள். சாப்பாடு, டீ, மாத்திரை, நடை, தூக்கம், பாதம், பீடி என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமாக வரையலாம். இரண்டு வட்டங்களைக் கட்டாயம் காலியாக விடுங்கள். "இதுல எதைப் பத்திப் பேசினா உங்களுக்கு உபயோகமா இருக்கும்? இதுல இல்லாதது இருந்தாலும் சொல்லுங்க." காலி வட்டத்தில்தான் கடன், மகள் கல்யாணம், ராத்திரி நாலு தடவை எழுந்து போவது, தாம்பத்தியச் சிக்கல் எல்லாம் வந்து விழும். நமக்கு முக்கியம் என்று தோன்றுவதும் அவருக்கு முக்கியம் என்பதும் வேறாக இருந்தால், அவருடையதில் தொடங்குங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு வட்டம் மட்டும்.

திருப்பிச் சொல்லுதல்

இந்த முறையின் கைவேலை இதுதான். கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிப்பதும் இதற்குத்தான். அவர் சொன்னதை, சொல்லாமல் விட்ட அர்த்தத்தோடு சேர்த்து, ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்கிறோம்.

ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஸ்டாண்டுல நாலு பேரு டீ குடிக்கும்போது நான் மட்டும் சும்மா நிக்க முடியுமா?"

வழக்கமான பதில்: "சர்க்கரை இல்லாம குடிக்கலாமே அண்ணே?" அவர்: "அது நல்லாவே இருக்காது மேடம்." கதவு சாத்தியாயிற்று.

எளிமையாகத் திருப்பிச் சொன்னால்: "எல்லாரும் குடிக்கும்போது தனியா நிக்கறது கஷ்டமா இருக்கு."

கொஞ்சம் ஆழமாக: "டீயைவிட அந்தச் சேர்க்கைதான் உங்களுக்கு முக்கியம்."

அவர் யோசிப்பார். "ஆமா மேடம். டீயில என்ன இருக்கு. பேச்சுக்குத்தான் நிக்கறோம். சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னாக்கூட குடிச்சிரலாம்." முதலில் நாம் சொல்லி மறுக்கப்பட்ட அதே யோசனை, இப்போது சற்று மாறி, அவருடையதாக வந்திருக்கிறது. நம் யோசனை தவறாக இருந்ததால் அது மறுக்கப்படவில்லை. அது அவரிடமிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது முதலில் தொனி. "கஷ்டமா இருக்குங்களா?" என்று 'ங்களா' சேர்த்தால் அது கேள்வியாகிவிடும், "ஆமாங்க" என்று முடிந்துவிடும். "கஷ்டமா இருக்கு" என்று குரலை இறக்கி முடியுங்கள். தவறாகச் சொல்லிவிட்டாலும் பயமில்லை. "இல்லல்ல, கஷ்டமெல்லாம் இல்ல, கூச்சம்தான்" என்று அவரே திருத்துவார்; அந்தத் திருத்தம் நமக்கு லாபம். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே திருப்பிச் சொன்னால் கிளிப்பிள்ளை போலாகும், எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று, இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லும்போது வரிசை முக்கியம். "நடக்கணும்னு நெனைக்கறீங்க, ஆனா முட்டி வலிக்குது" என்றால் அவர் முட்டி வலியைப் பற்றித் தொடர்வார். "முட்டி வலிக்குது, அதே சமயம் நடக்கணும்னும் இருக்கு" என்றால் நடையைப் பற்றித் தொடர்வார். கடைசியாக எதை வைக்கிறோமோ அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு நகரும். 'ஆனா' முன்னால் சொன்னதை அழித்துவிடும். 'அதே சமயம்' இரண்டையும் நிற்க வைக்கும்.

வினைச்சொல்லின் வாலைக் கவனியுங்கள்

மாற்றத்துக்கான பேச்சு எது, இப்படியே இருப்பதற்கான பேச்சு எது என்று பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. வினையின் ஈற்றிலேயே மனம் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"குறைக்கணும்" என்றால் விருப்பமோ தேவையோ பிறந்திருக்கிறது. "குறைக்கலாம்" என்றால் முடியும் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது. "குறைச்சுப் பாக்கறேன்" என்பது வாசற்படியில் ஒரு கால். "குறைக்கறேன்" என்பது வாக்கு. "ரெண்டு நாளா குறைச்சுட்டேன்" என்பது நடந்த செயல். ஓர் உரையாடலில் 'ணும்'மிலிருந்து 'றேன்' பக்கம் பேச்சு நகர்ந்தால் சரியான திசையில் போகிறோம். மாறாக "முடியாது", "எங்க முடியுது", "ஆகாதுங்க" அதிகமானால், நாம் எங்கோ அவரைத் தள்ளியிருக்கிறோம் என்று பொருள். அவரைக் குறை சொல்லாமல் நம் பேச்சை நிறுத்தி, மறுபடி திருப்பிச் சொல்லும் வேலைக்கு வர வேண்டும்.

வெறும் "சரிங்க", "ஆகட்டும்", "பாக்கலாம்" ஆகியவற்றை ஒப்புதலாக எண்ணாதீர்கள். அவை மரியாதை. பெரியவர்களிடமும் வெள்ளை கோட்டிடமும் நம் மக்கள் காட்டும் மரியாதை.

"குறைக்கணும்" என்ற சொல் காதில் விழுந்ததும் பாய்ந்து திட்டம் போடுவது புதியவர்களின் பெரிய பிழை. அங்கே நின்று தோண்டுங்கள்: "குறைக்கணும்னு தோணுது. எதை நெனைச்சு அப்படித் தோணுச்சு?" "எங்க அண்ணனுக்குக் கால்ல விரலை எடுத்துட்டாங்க மேடம்" என்று வரலாம். அந்தப் பயத்தை நாம் ஊட்டியிருந்தால் அவர் காதைப் பொத்தியிருப்பார். அவராகச் சொன்னதால் அது அவருக்கு வேலை செய்யும்.

பத்துப் படி

"பத்துப் படி இருக்கிற மாடிப்படின்னு வெச்சுக்குங்க. சுகரைக் கட்டுல வெக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எத்தனாவது படியில நிக்கறீங்க?" நாலு என்கிறார். இப்போது கேட்க வேண்டியது, "ஒண்ணாவது படியில இல்லாம நாலுல நிக்கறீங்களே, எது உங்களை அங்க ஏத்திச்சு?" காரணங்கள் வரும். "எட்டுல இல்லையே?" என்று கேட்டுவிட்டால் தடைகளின் பட்டியல்தான் வரும். ஒரே எண், இரண்டு கேள்வி, எதிரெதிர் பலன்.

அடுத்து நம்பிக்கை. "செய்ய முடியும்ங்கற நம்பிக்கை எத்தனாவது படி?" முக்கியம் ஒன்பது, நம்பிக்கை இரண்டு என்பவருக்குச் சுகரின் ஆபத்தைப் பற்றி இன்னும் பேசுவது கொடுமை. அவருக்கு வேண்டியது வழி. முன்பு எதையாவது மாற்றிய அனுபவத்தைக் கேளுங்கள்: பீடியை விட்டது, சபரிமலைக்கு விரதம் இருந்தது, பிரசவத்துக்குப் பின் பத்தியம் காத்தது. "நாப்பத்தெட்டு நாள் விரதத்தைக் காப்பாத்தி இருக்கீங்க" என்று நடந்ததைச் சொல்லுங்கள். "சூப்பர், அருமை" என்ற வெற்றுப் பாராட்டு வேண்டாம், ஒட்டாது.

தகவல் சொல்லும்போது: கேள், கொடு, கேள்

தகவலே சொல்லக் கூடாது என்பதில்லை. முதலில் அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், அனுமதி வாங்கி ஒரே ஒரு துண்டைக் கொடுங்கள், பிறகு "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவரிடமே விடுங்கள்.

டீ பற்றி: தேக்கரண்டிக்கு நான்கைந்து கிராம் சர்க்கரை. டீக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு டீ என்றால் 32 முதல் 40 கிராம். இதை நீங்கள் கூட்டாமல், கரண்டியைக் கையில் கொடுத்து அவரையே கூட்ட விடுங்கள். சோறு பற்றி: வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அவர் வீட்டுத் தட்டில் விழும் அளவைக் கையால் காட்டச் சொன்னால் மீதி அவருக்கே புரியும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் நல்லது என்பவர்களிடமும், கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்பவர்களிடமும் வாதாட வேண்டாம். சுகரைப் பொறுத்தவரை நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாவாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி விரைவில் செரித்துச் சுகரை ஏற்றும். ஆனால் நம் சொல்லைவிடக் குளுக்கோமீட்டர் நன்றாகப் பேசும். குடிக்கும் முன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இது என்ன சொல்லுதுன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

திட்டம்

'றேன்' வந்த பிறகுதான் திட்டம். "நல்லா நடக்கறேன்" திட்டமில்லை. "ராத்திரி சாப்பிட்டதும் தெருக்கோடி வரைக்கும் போய் வந்து பத்து நிமிஷம் நடக்கறேன். மழைன்னா கூடத்துலயே" என்பது திட்டம். எதற்குப் பின், எங்கே, எவ்வளவு, தடை வந்தால் என்ன, இந்த நான்கும் அதில் இருக்கின்றன. சாப்பிட்டதும் நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அந்த வேளைச் சுகர் ஏற்றத்தைக் குறைக்கிறது. வாரம் 150 நிமிடம் என்ற பொது இலக்கை முதல் நாளே சொல்லி மலைக்க வைக்கத் தேவையில்லை. திட்டத்தை அவர் வாயால் ஒருமுறை சொல்லவைத்து, நம்பிக்கை எத்தனாவது படி என்று மறுபடி கேளுங்கள். நம்பிக்கை ஏழுக்குக் கீழே என்றால் திட்டம் பெரிது, பாதியாக்குங்கள்.

வீட்டில் சமைப்பவர் யார் என்று கேட்காமல் உணவுத் திட்டம் போடாதீர்கள். ஆண் நோயாளி என்றால் சமைப்பவர் பெரும்பாலும் மனைவி. முடிவில் அவரையும் அழைத்து, நோயாளி தானே திட்டத்தைச் சொல்லட்டும். நோயாளி அந்த வீட்டுப் பெண் என்றால் நிலைமை வேறு: எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் உண்பவர் அவர். "தட்டைக் குறைங்க" என்பதைவிட "உலையில ஒரு பிடி அரிசியைக் குறைச்சா வீட்டுல என்ன சொல்வாங்க?" என்ற கேள்வி அவருக்குப் பொருந்தும்.

இங்கே உரையாடலை நிறுத்துங்கள்

சில நேரங்களில் மனசைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேராகச் சொல்லி, அனுப்ப வேண்டும். பாதத்தில் ஆறாத புண், நெஞ்சு வலி, திடீரென மங்கிய பார்வை, மிக அதிகச் சுகரோடு வாந்தியும் மூச்சு வாங்குதலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவர்.

தாழ்சுகரும், அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குவதும், அப்படித்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உற்சாகத்தில் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினாலோ, ஆடி வெள்ளி, ரமலான் என்று நோன்பு இருந்தாலோ சுகர் 70க்குக் கீழே விழலாம். ஆலோசனை நன்றாக நடந்ததாலேயே வரும் ஆபத்து இது. அப்படிப்பட்டவர்களின் உணவுத் திட்டத்தை மருத்துவருக்குத் தெரிவித்து, மருந்தளவைப் பார்க்கச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே தயாராக வந்து "என்ன சாப்பிடலாம்னு சொல்லுங்க" என்று கேட்பவரிடமும் படி, வட்டம் என்று சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். கேட்டதைச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பும் பயிற்சியும்

இரண்டு வாரத்துக்குள் மறுபடி பேசுங்கள். ஐந்து நிமிடத் தொலைபேசிகூடப் போதும். "நடந்தீங்களா?" என்று தொடங்காமல், "போன தடவை பேசினது எப்படிப் போச்சு?" என்று தொடங்குங்கள். பதினாலு நாளில் நாலு நாள்தான் நடந்தார் என்றால், அந்த நாலு நாளைக் கேளுங்கள்: அன்று என்ன சரியாக அமைந்தது? விட்ட பத்து நாளுக்குக் காரணம் தேடினால் மன்னிப்பு மட்டுமே கிடைக்கும். நடந்த நாலு நாளில் வழி இருக்கிறது.

உங்கள் பேச்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு ஒரு சந்திப்பைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதில் பத்து நிமிடத்தைக் கேட்டு, தாளில் இரண்டு கோடு போடுங்கள்: கேள்விக்கு ஒன்று, திருப்பிச் சொன்னதற்கு ஒன்று. புதியவர்களிடம் கேள்விதான் நிறைய இருக்கும். முதல் இலக்கு ஒன்றுக்கு ஒன்று. தேர்ந்தவர்கள் ஒரு கேள்விக்கு இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். யார் அதிக நேரம் பேசியது என்பதையும் பாருங்கள். பாதிக்கு மேல் உங்கள் குரல் என்றால் அடுத்த சந்திப்பில் மாற்ற வேண்டியது அதுதான். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி போதும்: 'ங்களா'வை விட்டு, குரலை இறக்கி வாக்கியத்தை முடிப்பது.